பொறுமையை யாரிடம் கேட்கிறோம்?

"பொறுத்துப் போம்மா. குடும்பம்னா நாலும் இருக்கத்தான் செய்யும். ஜெபமாலை சொல்லு, மாதா மாத்துவா." தேவகோட்டை வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணமான பெண் ஒருத்தி இந்த வார்த்தைகளைக் கேட்காமல் நடுவயதைத் தாண்டுவது அரிது. சொல்பவர் பெற்ற தாயாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தை நடத்தும் அக்காவாக இருக்கலாம், சில வேளை பங்குச்சாமியாராகவும் இருக்கலாம். பெரும்பாலும் அவர்கள் நல்லவர்கள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் கருத்து இத்தனை காலம் யாரும் கேள்வி கேட்காமல் நிலைத்திருக்கிறது.

அவர்கள் தரப்பை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவப் பொறுமை என்றால் வருவதைச் சகித்துக்கொள்வது. கிறிஸ்தவ ஒற்றுமை என்றால் வீட்டுச் சண்டை வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. நம் அம்மாக்கள் அப்படிப் பொறுத்தார்கள், குடும்பங்கள் நின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, எடுத்ததற்கெல்லாம் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். இயேசு சிலுவையைச் சுமந்தார், நாமும் சுமக்க வேண்டியதுதான். இதுதான் அந்த வாதம். வருத்தத்தோடு சொல்லப்படும் வாதம், அதில் ஒரு துளி உண்மையும் உண்டு. அற்பக் காரணத்துக்குப் பிரியும் தம்பதிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த வாதம் தவறு. வேதாகமத்தின்படி தவறு, திருச்சபைச் சட்டத்தின்படி தவறு, இந்த மண்ணில் நடந்த வரலாற்றின்படியும் தவறு. பொறுமையில் எனக்கு நம்பிக்கை உண்டு. அது இல்லாமல் எந்த இரண்டு பேரும் ஒரு கூரையின்கீழ் முப்பது ஆண்டுகள் வாழ முடியாது. அத்தனை அருமையான ஒன்றை அடிபடுகிறவளின் வாயை மூடுவதற்குப் பயன்படுத்துகிறோமே என்பதுதான் என் கோபம்.

கல்யாணத் திருப்பலிகளில் அதிகம் வாசிக்கப்படும் பகுதிகளில் ஒன்று, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரம். அன்பின் குணங்களைச் சொல்லிக்கொண்டு போகும்போது பொறுமையை முதலில் வைக்கும் பகுதி அது. மாலையும் கழுத்துமாக நிற்கும் மணமக்களைப் பார்த்து, அதிலும் குறிப்பாக மணமகளைப் பார்த்து, மறையுரை அங்கிருந்து கிளம்பும். பவுல் அதைக் கல்யாணத்துக்காக எழுதவில்லை. கி.பி. 50-களின் நடுப்பகுதியில், எபேசு நகரிலிருந்து, சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினார். அந்தச் சபையில் கட்சிகள் இருந்தன, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பவுலை வேதனைப்படுத்தியது அவர்களுடைய விருந்து. வசதியுள்ளவர்கள் முன்னதாக உட்கார்ந்து தின்று குடித்து முடித்துவிடுவார்கள். இல்லாதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. 11-ஆம் அதிகாரத்தில் இதற்காக அவர்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார் பவுல். கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்கிறார்.

யாரைக் காத்திருக்கச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். சாப்பாடு வைத்திருப்பவனை. பசியோடு வந்தவனிடம், சபையின் ஒற்றுமைக்காக உன் பசியைப் பொறுத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அதிகாரம் தள்ளி அன்பின் பொறுமையைப் பேசும்போது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதே பந்தியில் இருந்தவர்கள்தான். நம் வீடுகளில் நாம் செய்திருப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாளே, அவளைக் கூப்பிட்டுப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறோம்.

அடுத்தது மன்னிப்பு. ஏழு முறையா என்று பேதுரு கேட்டதும், எழுபது மடங்கு ஏழு என்று இயேசு சொன்னதும் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம் ஊரில் இந்தக் கணக்கு தெரியாத குழந்தை கிடையாது. அதே அதிகாரத்தில் சில வசனங்கள் முன்னால் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவன் உனக்குத் தீங்கு செய்தால் முதலில் தனியாகப் போய் அவன் குற்றத்தை அவனிடமே எடுத்துச் சொல்லச் சொல்கிறார் இயேசு. கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சபையிடம் சொல்லவேண்டும். சபைக்கும் செவிகொடுக்காதவனை வெளியாளாகக் கருதச் சொல்கிறார். ஆக, கிறிஸ்தவ ஒற்றுமைக்கு இயேசு வகுத்த வழியின் முதல் படியே குற்றத்தை வாய்திறந்து சொல்வதுதான். மூன்றாவது படியில் விஷயம் சபைக்கு வந்துவிடுகிறது. வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்ற விதியை எங்கிருந்து எடுத்தோம்? ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்திலிருந்து எடுத்தோம். அதற்கு வேதத்தின் சாயத்தைப் பூசிவிட்டோம்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே என்பார்கள். சொன்னார். அவரையே தலைமைக் குருவின் முன்னால் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது அவர் என்ன செய்தார் என்பதை யோவான் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. நான் பேசியது தவறென்றால் எடுத்துக்காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று அடித்தவனைப் பார்த்தே கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. பிலிப்பி நகரில் விசாரணையில்லாமல் தன்னை அடித்துச் சிறையில் போட்ட நகரத் தலைவர்கள் மறுநாள் சத்தமில்லாமல் வெளியே அனுப்பப் பார்த்தபோது, அவர்களே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்றார் பவுல். எருசலேமில் சாட்டையடிக்குக் கட்டியபோது ரோமைக் குடியுரிமையைச் சொல்லி நிறுத்தினார். தமஸ்குவில் உயிருக்கு ஆபத்து வந்தபோது இரவோடு இரவாகக் கூடையில் இறங்கித் தப்பினார். சட்டத்தைக் காட்டித் தன்னைக் காத்துக்கொள்வதும், ஆபத்திலிருந்து விலகிப் போவதும் பவுலுக்கு விசுவாசக் குறைவாகத் தெரியவில்லை.

மனைவி பணிந்திருக்க வேண்டும் என்ற எபேசியர் 5-ஆம் அதிகாரத்தையும் விட்டுவிட முடியாது. அந்த வசனத்துக்கு முந்தின வசனம் எல்லாரையும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்கிறது. பிந்தின வசனங்களில் பெரும்பங்கு கணவனுக்கான கட்டளை. கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மைக் கொடுத்ததுபோல அவன் கொடுக்க வேண்டும். சிலுவையைச் சுமக்கச் சொல்லி யாரிடமாவது கேட்கவேண்டுமென்றால், அந்தப் பகுதி அதைக் கணவனிடம்தான் கேட்கிறது. பேதுருவின் முதல் திருமுகம் இன்னும் ஒரு படி மேலே போய், மனைவியை மதிக்காதவனின் ஜெபமே தடைபடும் என்று எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையை மையமாக வைத்து ஒரு மறையுரையை நான் இன்னும் கேட்டதில்லை.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சு எப்படியும் ஓரியூரில் வந்து நிற்கும். அருளானந்தர் எத்தனை அடி வாங்கினார், நீ இவ்வளவுகூடப் பொறுக்கக் கூடாதா என்பார்கள். இங்கே அவர் பெயரில்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஓரியூர்த் திருவிழாவுக்குச் சனம் திரண்டு போகிறது. அதனால் இந்த ஒப்புமை சுலபமாக நாக்கில் வருகிறது. அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒப்புமை நிற்காது.

லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர், மறவர் சீமைக்குப் பண்டாரச்சாமி கோலத்தில் வந்தார். எல்லாச் சாதியாரும் நெருங்கக்கூடிய கோலம் அது என்பதால் அதை ஏற்றார். புலாலை விட்டார். ஒன்றுசேர்வதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டவர் அவர்தான், மக்களை முதலில் மாறச் சொல்லவில்லை. 1686-ல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி அவரை விடுவித்தபோது, இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். வாய்மூடி இருப்பதுதான் பொறுமை என்றால், அதன்பின் போர்த்துகல்லுக்குப் போன அருளானந்தர் அங்கேயே நிம்மதியாகக் காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் திரும்பி வந்து, தடுக்கப்பட்ட அதே சொற்களைப் பேசினார். தானே தெரிந்து, தன் விருப்பத்தோடு, ஓர் உண்மைக்காக ஏற்ற துன்பம் அது. குடித்துவிட்டு வருபவனிடம் அடிவாங்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அவர் கொல்லப்பட்டதற்கு உடனடிக் காரணம் என்ன என்பதையும் நாம் கவனிப்பதில்லை. சேதுபதியின் குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். முதல் மனைவியோடு மட்டும் வாழ்வதென்றால்தான் என்று அருளானந்தர் கண்டிப்பாக நின்றார். அதிகாரத்தில் இருந்த ஓர் ஆணிடம், உன் குடும்ப வாழ்க்கையை நீ திருத்திக்கொள் என்றார். விலக்கப்பட்டவர்களில் சேதுபதியின் உறவுப் பெண்ணான கடலாயி அரண்மனைக்கு முறையீடு கொண்டு போனார். 1693 ஜனவரியில் கைது, பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை 1947-ல் புனிதராக அறிவித்தார். அந்த வீட்டுப் பெண்களைப் பொறுத்துப்போகச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் ஓரியூர் மண்ணுக்கு இன்று ஒரு சிறப்பும் இல்லை. நம் புனிதர் பலமுள்ளவனைத் திருத்தப்போய் உயிரைக் கொடுத்தவர்.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாம் சொல்லும் கதையில் கடலாயி வில்லியாகவே வருகிறார். திடீரென்று ஒருநாள் வீட்டை விட்டு விலக்கப்பட்ட ஒரு பெண்ணின் ஆத்திரம் அது என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அருளானந்தரின் புனிதம் இதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. ஆனால் முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லும் கதையிலேயே அந்தப் பெண்ணின் பக்கத்தைக் கேட்காதவர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பக்கத்தை எப்படிக் கேட்போம்?

"நம் அம்மாக்கள் பொறுத்தார்கள்" என்ற வாதத்துக்கு வருகிறேன். இதுதான் மிகவும் உருக்கமானது, மிகவும் பலவீனமானதும் இதுதான். அவர்களுக்கு வேறு வழி இருந்ததா? வெள்ளைக்காரன் 1869-ல் போட்ட இந்திய விவாகரத்துச் சட்டம்தான் கிறிஸ்தவர்களுக்கு. அதன்படி மனைவியின் ஒழுக்கக்கேட்டை நிரூபித்தால் போதும், கணவனுக்கு விலக்குக் கிடைக்கும். மனைவி கேட்டால் கணவனின் ஒழுக்கக்கேட்டோடு கொடுமையையோ, இரண்டு ஆண்டு கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். எலும்பை முறித்தாலும் கொடுமை மட்டும் காரணமாகாது. 1995-ல் கேரள உயர் நீதிமன்றம் இந்த அநீதியை எடுத்துக்காட்டியது. 2001-ல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோலை வைத்தது. 132 ஆண்டுகள்! அத்தனை காலமும் நம் பாட்டிகளும் அம்மாக்களும் வெளியே போகக் கதவே இல்லாத அறையில் இருந்தார்கள். சொந்த வருமானம் இல்லை. பிறந்த வீட்டில், வாழாவெட்டி என்ற பெயர் காத்திருந்தது. அந்த நிலையில் அவர்கள் இருந்ததை விருப்பத்தோடு பழகிய புண்ணியம் என்று எப்படிச் சொல்வது? குடும்பங்கள் நின்றன என்கிறோம். எதன்மேல் நின்றன என்று அந்த அம்மாக்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டோமா?

இப்போதும் நிலைமை மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். ஞாயிறு திருப்பலியில் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் கோயிலுக்கு மட்டும் இது பொருந்தாது என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

திருச்சபை என்ன சொல்கிறது? கத்தோலிக்கத் திருமணம் முறிக்க முடியாதது, நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அதே திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1153-ஆம் விதி இருக்கிறது. துணைவரால் உடலுக்கோ உள்ளத்துக்கோ பெரும் ஆபத்து என்றால் விலகி வாழ அது அனுமதிக்கிறது. தாமதித்தால் ஆபத்து என்ற நிலையில் ஆயரின் அனுமதிக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. காரணம் நீங்கினால் மீண்டும் சேர்ந்து வாழவேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலில் பொறுமையை விளக்கும் இடத்திலேயே, நம்மைத் தொடர்ந்து மோசமாக நடத்த விடுவதும் உடல்ரீதியான தாக்குதலைச் சகிப்பதும் பொறுமையாகாது என்று எழுதியிருக்கிறார். சில சூழலில் பிரிந்திருப்பது அறநெறிப்படியே அவசியமாகலாம் என்றும் சொல்கிறார். ரோமாபுரியிலிருந்து வந்த இந்தச் செய்தி கல்யாணத்துக்கு முன் நாம் நடத்தும் தயாரிப்பு வகுப்புகளில் எத்தனை மணமக்களின் காதுக்குப் போகிறது?

ஒற்றுமை என்ற பெயரில் கீழே இருப்பவரை அடக்கிவைப்பது வீட்டோடு நிற்பதில்லை. தேவகோட்டைக்கு இது நன்றாகத் தெரிய வேண்டும். 1930 டிசம்பரில் இந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதியாரான நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளைப் போட்டார்கள். பொன் வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மறு ஆண்டு ஜூனில் தடை பதினொன்றாகக் கூடியது. மீறியவர்களின் குடிசை எரிந்தது. 1934-ல் ஹரிஜன யாத்திரையாக வந்த காந்தி இந்தப் பக்கத்து நாட்டார்களைச் சந்தித்துப் பேசவேண்டியிருந்தது. கட்டுப்பாடு குலையக் கூடாது, ஊர் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் பேச்சு. கோயிலுக்குள்ளும் இதே கதைதான். அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்ட தகராறு 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. ஒதுக்கப்பட்டவன் கேட்டால் பிரிவினை, ஒதுக்கியவன் செய்தது மட்டும் மரபு. வீட்டில் மருமகள் வாய்திறந்தால் குடும்பம் உடைகிறது என்பதும் இதே அளவுகோல்தான்.

அப்படியானால் உண்மையான பொறுமையும் ஒற்றுமையும் எங்கே இருக்கின்றன? நிறைய இருக்கின்றன, நம் கண்ணெதிரிலேயே. கணவன் சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருக்க, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் லீவை நம்பிப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணின் பொறுமை உண்மையானது. அங்கே எட்டுப் பேர் படுக்கும் அறையில் கிடந்து பணம் அனுப்பும் அவனுடைய பொறுமையும் உண்மையானது. பக்கவாதத்தில் விழுந்த மனைவிக்குச் சோறு ஊட்டும் கணவனின் பொறுமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்கள் எல்லாரும் துன்பத்தைச் சுமக்கிறார்கள், ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு அந்தத் துன்பத்தை உண்டாக்கவில்லை. வித்தியாசம் அதில்தான்.

சருகணியில் 1973-ல் மறைந்த லூயி லெவே அடிகளாரை நினைத்துக்கொள்கிறேன். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் 1884-ல் பிறந்து, இந்த வறண்ட சீமையில் தன் வாழ்நாளைக் கழித்த சேசு சபைக் குரு. மழை பொய்க்கும் ஊரில் கடவுள் சித்தம் என்று பொறுத்திருக்கச் சொல்லாமல், நீர்நிலை வெட்டுவதிலும் விவசாயத்தைத் தூக்கி நிறுத்துவதிலும் மக்களோடு நின்றவர். அவருடைய பொறுமை வேலை செய்யும் பொறுமை. அவர் கல்லறைக்கு இன்றும் எல்லா மதத்தாரும் வருகிறார்கள்.

ஒற்றுமைக்குப் பாடம் படிக்க நாம் வெகுதூரம் போகவேண்டாம். நகரத்தார் வளவைப் பாருங்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் சிறிது காலத்தில் அவர்களை வேறு வைப்பார்கள். அதே வீடு, அதே கூரை, ஆனால் தனி அடுப்பு. அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். நல்லது கெட்டதுக்கு எல்லாப் புள்ளியும் கூடும். தினப்படிச் சமையலில் யாரும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருக்கலாம், வசதியுள்ளவர்களின் ஏற்பாடுதான் அது. ஆனாலும் சேர்ந்திருப்பதற்கு இடைவெளி தேவை என்பதை அந்தப் பெரியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். நம் கிறிஸ்தவ வீடுகளிலோ மருமகள் தனி அடுப்பு கேட்டாலே அன்பியத்தில் அவளுக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

பங்குச்சாமியார்களுக்கும், அன்பியத்தை நடத்தும் அக்காமார்களுக்கும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். கல்யாணத் தயாரிப்பு வகுப்பில் 1153-ஆம் விதியைச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். ஒரு பெண் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றால், அவளும் பிள்ளைகளும் இன்றிரவு பத்திரமாக இருப்பார்களா என்று முதலில் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள். பொறுத்துப் போ என்று அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள், அடித்தவனை வரச் சொல்லி ஆள் அனுப்புங்கள்.